ட்ரெய்லர் தரையில் போட்ட கோடு

அன்று காலை ஒன்பது மணிக்கு காலிசெய்ய வேண்டிய கடையின் வாசலில் இருந்தவர்கள்: இருபது வருடமாகப் பேருந்து ஓட்டும் ஒருவன், அந்தத் தையல்கடையை நடத்தும் அவன் மனைவி, குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை முடித்துவிட்டு நேராக வந்துசேர்ந்த அவளுடைய தம்பி. தம்பிக்கு முப்பத்தைந்து வயது. வீட்டில் அவன் பெயர் தூங்குமூஞ்சி. இவர்கள் போக, நான்கு தையல் மெஷின்கள், ஒரு வெட்டுமேசை, நீராவி இஸ்திரி, இருபத்திரண்டு துணிக்கட்டுகள், கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாத ஒரு பொம்மை. காருக்குப் பின்னால் கூரை போட்ட ட்ரெய்லர் ஒன்று.

பன்னிரண்டு மணிக்குக் கட்டட உரிமையாளர் வந்து கடையைப் பூட்டிவிடுவார். உள்ளே எது கிடந்தாலும் குப்பை வண்டிக்குத்தான் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார், அதுவும் சிரித்துக்கொண்டே. புதுக்கடை அறுபது கிலோமீட்டர் தள்ளி. இன்னொரு நடை போய்வர நேரமில்லை. ஒரே நடையில் எல்லாம் போயாக வேண்டும்.

ஓட்டுநருக்கு இதில் சந்தேகமே இல்லை. அவன் ஓட்டும் பேருந்துக்கு இன்ஜின் பின்னால். பின்னால் பாரம் இருந்தால்தான் வண்டி தரையைப் பிடிக்கும் என்பது அவன் உடம்பிலேயே ஊறிப்போன விஷயம். ஆகவே துணிக்கட்டுகளை முன்னால் அடைத்தான். இரும்புக் கால் வைத்த மெஷின்கள் நான்கையும் கதவோரம் நிறுத்தினான். அங்கே போய் இறக்குவதற்கும் சுலபம் என்றான். மைத்துனன் கொட்டாவி விட்டபடி பெல்ட்டுகளை இறுக்கினான். பத்தரைக்கு வேலை முடிந்தது. மேசையும் பொம்மையும் மட்டும் வெளியே நின்றன. அவற்றைக் கூரைமேல் கட்டிக்கொள்ளலாம் என்றான்.

மனைவி பத்தடி தள்ளி நின்று, தைத்த பாவாடையின் கீழ்விளிம்பைப் பார்ப்பதுபோல ட்ரெய்லரைப் பார்த்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் குனிந்து அளந்தாள்.

"என்னங்க, பின்னாடி நாலு விரல் இறங்கியிருக்கு. கார்ல மாட்டுற கொக்கி மேல தூக்கிட்டு நிக்குது."

"உனக்கு ஊசி தெரியும், எனக்கு வண்டி தெரியும்" என்றான் அவன். ஆனாலும் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிடலாம் என்று காரை எடுத்தான். அவள் வாயை அடைக்கத்தான்.

தெருமுனை தாண்டிய இறக்கத்தில் வண்டி கொஞ்சம் வேகம் பிடித்தது. முதலில் ஸ்டியரிங் லேசானது, காரின் பின்பக்கத்தை யாரோ தூக்குகிறமாதிரி. பிறகு கண்ணாடியில் ட்ரெய்லர் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது, இன்னும் அதிகமாக இடப்பக்கம் போனது. அவன் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆட்டம் தானாக அடங்கியது.

ஓரமாக நிறுத்தி ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தான். மணி பத்து ஐம்பது. மெதுவாக ஓட்டினால் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் பின்னால் நிற்பது அவள் பதினொரு வருடமாக ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த மெஷின்கள். அது போகட்டும் என்றாலும், பக்கத்து சீட்டில் அவள்தான் உட்காரப்போகிறாள். வண்டியைத் திருப்பினான்.

"இறக்குவோம்" என்றான்.

"ஏன்?"

"ஆடுது."

மைத்துனன் புலம்பினான். "ராத்திரி பூரா ஏத்தி இறக்கிட்டு வந்திருக்கேன் மச்சான். இங்கேயும் அதே வேலையா?"

எல்லாம் இறங்கியதும் ட்ரெய்லர் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த படம் அவள் கண்ணில் பட்டது. கனமான பாரத்தைச் சக்கரத்தை ஒட்டி முன்பக்கம் வைக்க வேண்டும் என்று வரைந்து காட்டியிருந்தது. மங்கிப்போயிருந்தாலும் புரிந்தது.

"காலையிலேருந்து அங்கதானே இருக்கு" என்றான் மைத்துனன். "ஏதோ விளம்பரம்னு நினைச்சேன்."

ஓட்டுநர் அவனை முறைத்தான். அந்தக் கதவை மூன்று முறை திறந்து மூடியவன் தான்தான் என்பது நினைவுக்கு வந்ததும் முறைப்பதை விட்டான்.

அவள் பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினாள். சக்கரத்துக்கு நேர்மேலே தரையில் குறுக்காக ஒரு கோடு போட்டாள். பிறகு டேப்பால் ஒவ்வொரு சாமானையும் அளந்து, துணியில் முன்துண்டு, பின்துண்டு, கை என்று வெட்டுக்குக் குறிப்பதுபோல, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் வரைந்தாள். மெஷின்களுக்குக் கோட்டை ஒட்டி முன்னால் நான்கு கட்டம், இரண்டு இடம், இரண்டு வலம். மேசையை மடக்கி இடப்பக்கச் சுவரோடு நிறுத்த நீளமாக ஒன்று. அதன் எடைக்கு ஈடாக எதிர்ச்சுவரில் இஸ்திரி. வீணாகும் துண்டுத்துணி மாதிரி எஞ்சிய சந்துகளிலெல்லாம் துணிக்கட்டு என்று எழுதினாள்.

"எல்லாத்தையும் முன்னாடி மூக்குல வச்சா என்ன?" என்று கேட்டான் ஓட்டுநர். இந்தமுறை தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

"வேணாங்க. பாதிக்கு மேல கொஞ்சம் முன்னாடி, அவ்வளவுதான். ரொம்பப் போனா காரோட பின்பக்கம் உக்காந்துடும்."

இருவரும் அவள் சொன்ன கட்டத்தில் சொன்ன சாமானை வைத்தார்கள். கட்டுகளைச் சந்துகளில் திணித்ததும் மெஷின்கள் தள்ளினாலும் அசையவில்லை. பெல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு மைத்துனன் இறுக்கினான். இந்தமுறை கொட்டாவி இல்லை. கடைசியில் பொம்மையும் உள்ளே போயிற்று, கட்டுகளுக்கு நடுவே படுத்த வாக்கில். கூரைமேல் எதுவும் ஏறவில்லை. அவள் மறுபடி அளந்தாள். முன்பக்கம் ஒரு விரல் இறங்கியிருந்தது.

மணி பதினொன்று நாற்பது. ஓட்டுநர் அதே இறக்கத்துக்குப் போனான், வேண்டுமென்றே அதே வேகத்தில். கண்ணாடியில் ட்ரெய்லர் வலமும் போகவில்லை, இடமும் போகவில்லை. திரும்பும்போது தன்னை அறியாமல் சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் கட்டட உரிமையாளர் சாவிக்கொத்தை ஆட்டியபடி நின்றிருந்தார். மைத்துனன் பின்சீட்டில் ஏறி அந்தக் கணமே தூங்கிவிட்டான்.

"எப்படி?" என்றாள் அவள்.

"பஸ்ஸைவிட நல்லா வருது" என்றான் அவன். அவனிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்பது அவளுக்குத் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைக்குள் போனாள். வெற்றுத் தரையை ஒரு முறை பெருக்கி, அகப்பட்ட குண்டூசிகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டாள். வேறெதுவும் அங்கே மிச்சமில்லை. அவள் வெளியே கால் வைத்ததும் உரிமையாளர் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.