முப்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை

1

ஆயிரத்து இருநூற்று எண்பது. கயிறண்ணன் ஓர் அச்சகத்து முதலாளிக்கு முப்பத்தொரு வருடமாகக் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி இது. கதை இதிலிருந்துதான் பிறந்தது. ஆனால் முதலில் நான் வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன்:

‘கரிய வான்வெளியில் ஒரு சரக்குக் கப்பல் தனியாக மிதந்துகொண்டிருந்தது. அதன் எட்டு மாலுமிகளும்’

[இதை இங்கேயே இறக்கி வைத்துவிட்டேன். வான்வெளியை நான் பார்த்ததில்லை. பார்த்தவன் மாதிரி எழுதினால் மூன்றாவது வரியில் மூச்சு வாங்குகிறது.]

பார்த்ததை எழுதுகிறேன். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது எங்கள் வேலை. ஒரு பீரோவுக்கு இரண்டு பேர். ஒரு முனையைப் பிடித்தவர் கயிறண்ணன். தோளில் எந்நேரமும் ஒரு கட்டுக் கயிறு கிடப்பதால் அந்தப் பெயர். மறுமுனையைப் பிடித்தவன் நான். இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரே மாலை வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துப் படித்தோம். அவர் என்னைவிட நன்றாகப் படிப்பார். நான் அவரைவிட நன்றாகப் பொய் சொல்வேன். அதனால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

2

அன்று நாங்கள் காலி செய்யப் போனது ஒரு பல் டாக்டரின் வீடு. அதில் ஓர் அறை முழுக்க விளையாட்டு. பிள்ளைகள் விளையாட்டு இல்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்து, ‘நீ விண்கலத்தின் தலைவன், நான் இயந்திரம் பார்ப்பவள்’ என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, வெறும் பேச்சாலேயே வேற்றுக் கோளுக்குப் போய் வருவார்களாம். போன காரியம் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதற்கு ஒரு விதிப்புத்தகம். யார் எங்கே நிற்கிறார் என்று காட்ட விரல் நீளத்தில் ஈய பொம்மைகள்.

இதையெல்லாம் இப்போது யாரும் அச்சடிப்பதுமில்லை, வார்ப்பதுமில்லை. டாக்டர் இருபது வருடமாகத் தேடித் தேடிச் சேர்த்திருந்தார். தேய்ந்துபோன பல் கருவிகளை வைத்தே பொம்மைகளின் கண்ணுக்கு மை தீட்டியிருந்தார். முன்னூற்றுப் பதினாறு பொம்மைக்கும் பஞ்சு சுற்றினோம். டாக்டர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எடுத்துக் கொடுத்தார், வகுப்பில் வருகை எடுப்பது மாதிரி.

ஒன்றுக்கு மட்டும் பெயர் இல்லை. முதுகில் ஒரு பெட்டியோடு குனிந்து நிற்கிற பொம்மை அது. ‘தூரக்கோள்’ என்ற விளையாட்டின் பெட்டியில் வந்தது. விதிப்புத்தகத்தில் எட்டு மாலுமிகள்தான். பெட்டியில் ஒன்பது பொம்மைகள். இந்த ஒன்பதாவது யாரென்று சேகரிப்பவர்கள் யாருக்கும் தெரியாது. டாக்டரும் நண்பர்களும் விளையாடும்போது அதை ஒருமுறை எதிரியாக்கினார்கள், ஒருமுறை பிணமாக்கினார்கள். ஒருநாள் ஆள் போதுமென்று சொல்லி அதை விளக்குக் கம்பமாக நிறுத்தினார்கள்.

பிறகு டாக்டர் அந்த விதிப்புத்தகத்தையே எடுத்துக் காட்டினார். இருநூறு பிரதிதான் அச்சானதாம். முப்பத்திரண்டாம் பக்கத்தில் கப்பல் புயலில் மாட்டுகிறது. அடுத்த பக்கம் நாற்பத்தொன்பது. அதில் மாலுமிகள் எல்லோரும் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படித் தப்பினார்கள் என்பதை விளையாடுகிறவர்களே இட்டுக்கட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பதினாறு பக்கங்களுக்கு ‘மௌனப் பக்கங்கள்’ என்று பெயர் வைத்து, டாக்டரின் கூட்டாளிகள் வருடத்துக்கு ஒருமுறை கூடி விவாதிக்கிறார்களாம். “வேணும்னே விட்டிருக்காங்க. என்ன மூளை பாருங்க” என்றார்.

கயிறண்ணன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். நாங்கள் வேலை நடுவில் பெட்டியைக் கீழே வைக்க மாட்டோம்.

“யாரு சார் சொன்னா, வேணும்னே விட்டதுன்னு?”

“அச்சடிச்ச முதலாளியே சொன்னாரு. அவர்கிட்டதான் ஐயாயிரம் குடுத்து வாங்கினேன்.”

3

அந்தப் பதினாறு பக்கத்தையும் விட்டவர் கயிறண்ணன்தான்.

[இந்த வரியைக் கடைசியில் போட்டு உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று இருந்தேன். மூன்று நாள் ஒளித்து வைத்துப் பார்த்தேன். கனமான சாமானை முதலில் ஏற்றிப் பழகிய கை, கேட்கவில்லை.]

அவர் அப்போது அந்த அச்சகத்தில் பைண்டிங் வேலையில் இருந்தார். பெரிய தாள் ஒன்றை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். ‘தூரக்கோள்’ புத்தகத்துக்கு ஆறு ஃபாரம். வரிசையாக அடுக்கித் தைக்க வேண்டும். எழுத்து தெரியாத மனுஷன் எப்படி அடுக்குவார்? வழக்கமாகப் பக்க எண்ணைப் பார்த்துத்தான். ஆனால் இந்த விளையாட்டை உருவாக்கிய பள்ளிக்கூட வாத்தியார், அழகாக இருக்கும் என்று பக்க எண்ணை எண்ணாகப் போடாமல் ‘முப்பத்து மூன்று’ என்று எழுத்தாகவே அச்சடிக்கச் சொல்லியிருந்தார். கயிறண்ணன் படத்தை வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டார். முதல் ஃபாரத்தில் ராக்கெட். இரண்டாவதில் இரண்டு தலை மரம். மூன்றாவதில் படமே இல்லை, எழுத்தும் கட்டமும்தான். இயந்திரத்தைச் சரிபார்க்க ஓட்டிக் கழித்த தாளும் அப்படித்தான் இருக்கும். அதனால் மூன்றாவது ஃபாரம் முழுக்கக் கழிவுத்தாள் பக்கம் போய்விட்டது.

புத்தகத்தைப் பிரித்துப் பார்த்த வாத்தியார் பாதிப் பிரதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பாதிப் பணத்தை வீசிவிட்டு, கொஞ்ச நாளில் ஊரை விட்டே போனார். முதலாளி கயிறண்ணன் தலையில் இரண்டாயிரம் அபராதம் போட்டார். வாரம் நாற்பதாகப் பதினெட்டு வாரம் பிடித்தார். பத்தொன்பதாவது வாரம் கயிறண்ணன் வேலைக்குப் போகவில்லை. நின்ற பாக்கிதான் முதல் வரியில் இருக்கிற தொகை.

ஒருவர் இத்தனை வருடம் இதையா நினைத்துக்கொண்டிருப்பார்? எழுதும்போது எனக்கே சந்தேகம் வந்தது. பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்று அவரிடமே போய்ச் சொன்னேன். அச்சகம் இருந்த தெரு வழியாக லாரி போகும்போதெல்லாம் தான் குனிந்து செருப்பைச் சரிசெய்ததை நான் பார்த்ததில்லையா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். செருப்பு சரியில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

4

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் நடந்ததைச் சொன்னார். அண்ணி எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, புடவைகளைத் தூக்கி, அடியில் விரித்திருந்த தாளை உருவி எடுத்தார்.

(அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று வகுப்பில் சொல்லித் தரவில்லை, அதனால் இங்கேயே: கழிவுத்தாளை அச்சகத்தார் வேலையாட்களுக்குச் சும்மா கொடுப்பது வழக்கம். கயிறண்ணன் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். மற்றதெல்லாம் அடுப்புக்கும் அலமாரிக்கும் போய், மிஞ்சியது இந்த ஒன்று.)

“இதுவா பாருங்க. ஏதோ கப்பல் கதை.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கொண்டு வந்த அன்னைக்கே படிச்சேன். பாதி தலைகீழா இருந்துச்சு, சுத்திச் சுத்தி வந்து படிச்சேன்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“அப்பல்லாம் எழுத்துன்னாலே உங்களுக்கு எரிச்சல் வரும். நானா வாயக் குடுப்பேன்?”

கயிறண்ணன் தாளை மூன்று மடிப்பு மடித்தார். கை மறக்கவில்லை. விளிம்பைக் கிழித்துப் புரட்டி, விரல் வைத்துப் படித்தார். புயலிலிருந்து கப்பல் எப்படித் தப்பியது என்று அதில் முழுசாக இருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

‘ஒன்பதாவது ஆள்: சாமான் தூக்குபவர். இவருக்குப் பகடை உருட்ட வேண்டியதில்லை. இவர் தூக்கினால் தூக்கியதுதான்.’

மூன்று தரம் படித்தார். ஒருதரம் படித்தால் ஏறாதா என்று அண்ணி கேட்டார். பிறகு அண்ணியே ஆயிரத்து இருநூற்று எண்பதை எண்ணி, மடித்த தாளோடு ஒரு துணிப்பையில் வைத்தார். அச்சகத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வருவதால் தினமும் கால் மணி நேரம் தாமதமாகிறது, சாப்பாடு ஆறிப்போகிறது, நாளையோடு இதை முடிக்க வேண்டும் என்று சொன்னாராம். முதலாளி முகத்தைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டால் போதும். கயிறண்ணனுக்கும் வேண்டியது அதுதான்.

5

மறுநாள் டாக்டரின் புது வீட்டில் அலமாரி மாட்டும் வேலை. மத்தியானம் முதலாளி அங்கே வருவதாக டாக்டரே சொன்னார். கைவசம் இருந்த கடைசி இரண்டு பிரதிகளை விற்க வருகிறாராம்.

எழுபதைத் தாண்டிய மனுஷர், தடியூன்றி வந்தார். டாக்டர் பத்தாயிரம் எண்ணிக் கொடுத்தார். புத்தகங்களை முகர்ந்து பார்த்தார். நாங்கள் சுவரோடு ஓர் அலமாரியைத் தாங்கிப் பிடித்திருந்தோம்.

‘கயிறண்ணனின் நெஞ்சு சம்மட்டியாய்’

[தெரியாது. நெஞ்சு அவரோடது. என் கை வலித்தது, அது தெரியும்.] அவர் தன் பக்கத்தை விட்டுவிட்டுப் போனார். முழு அலமாரியும் என் மேல் சாய்ந்தது. பையிலிருந்து பணத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“என்னப்பா இது?”

“பாக்கி முதலாளி. ஆயிரத்து இருநூத்தி எண்பது. தூரக்கோள், மூணாவது ஃபாரம்.”

முதலாளிக்கு அப்போதுதான் ஆள் பிடிபட்டது. டாக்டர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, என்ன மூணாவது ஃபாரம் என்று கேட்டார்.

முதலாளியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அந்தப் பணத்தை வாங்கினால் அது பிழை என்று ஆகிறது. பிழை என்றால் மௌனமாவது மண்ணாவது. டாக்டர் கொடுத்த பத்தாயிரம் இன்னும் சட்டைப்பையில் சூடு ஆறவில்லை.

“அது பிழையே இல்லையேப்பா” என்றார் முதலாளி. “வாத்தியார் வேணும்னே விடச் சொன்னது. அதுக்கு நீ எதுக்குக் காசு குடுக்கணும்? எடு, எடு.”

முப்பத்தொரு வருடம் முதுகில் கிடந்தது ஒரே வாய்ப் பொய்யில் இறங்கிவிட்டது. கயிறண்ணன் பணத்தை எடுத்துப் பையில் போட்டார். திரும்பி வந்து அலமாரியைப் பிடிப்பார் என்று நான் ஏங்கினேன். அவர் நகரவில்லை.

“அப்ப பிடிச்சது?”

“என்ன பிடிச்சது?”

“வாரம் நாப்பது, பதினெட்டு வாரம். எழுநூத்தி இருபது. பிழையில்லன்னா எதுக்குப் பிடிச்சீங்க?”

6

இங்கே கதையை நிறுத்தி ஒன்று கேட்க வேண்டும். அந்தத் துணிப்பைக்குள் மடித்த தாள் இருக்கிறது.

கயிறண்ணன் அதை எடுத்து மேசையில் வைத்தார் என்று எழுதிப் பார்த்தேன். முதலாளி மாட்டிக்கொண்டார், டாக்டர் பணத்தைத் திரும்ப வாங்கினார், ஒன்பதாவது பொம்மைக்குப் பெயர் கிடைத்தது. நியாயமான முடிவு. ஆனால் அந்த டாக்டரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வருடா வருடம் பத்துப் பேர் கூடி, ஆளுக்கொரு விதமாகக் கப்பலைக் கரைசேர்க்கிறார்கள். அதில் யாராவது ஒருவர் சொல்வது இந்தத் தாளில் இருப்பதைவிட நன்றாக இருக்காது என்று என்ன நிச்சயம்?

சரி, எடுக்கவில்லை என்று எழுதினேன். உடனே அந்தக் குனிந்த பொம்மை கண்ணில் வந்து நின்றது. இன்னும் எத்தனை வருடம் அது விளக்குக் கம்பமாக நிற்கும்? தவிர, டாக்டர் ஏமாந்தது ஏமாந்ததுதானே. முதலாளி எழுநூற்று இருபதைக் கொடுத்தால், அதுவும் டாக்டர் பணத்திலிருந்துதான் வரும். இதைச் சொல்லாமல் விட்டால் கதை இன்னும் அழகாக இருக்கும். விடக்கூடாது என்று கயிறண்ணனே

[அவர் சொன்ன வார்த்தை அச்சில் வராது.]

அவர் பிறகு என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். பீரோவோடு படி இறங்கும்போது கீழ்முனைக்காரன் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். மேலே இருக்கிறவன் எல்லாப் படியையும் சொல்லிக்கொண்டே வர முடியாது. கடைசிப் படியைக் கால்தான் தேடிக்கொள்ளும். பை உங்களிடம் இருக்கிறது. திறப்பதும் திறக்காததும் உங்கள் பாடு. பணத்துக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

7

முதலாளி தடியை மேசையில் சாத்தினார். பிறகு டாக்டர் கொடுத்த கட்டிலிருந்து எழுநூற்று இருபதை எண்ணி நீட்டினார். கயிறண்ணன் உடனே வாங்கவில்லை.

“எழுதிக் குடுங்க.”

“என்னத்தை எழுதறது?”

“நீங்க இப்ப சொன்னத.”

டாக்டர் ஆர்வமாகத் தன் மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். முதலாளி எழுதினார். கயிறண்ணன் அதை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல் வைத்து, எல்லோருக்கும் கேட்க, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நான் அலமாரியோடு ஒட்டிப் பல்லியாக நின்றேன்.

‘பைண்டிங்கில் பிழை ஏதும் இல்லை. பிடித்த எழுநூற்று இருபது திருப்பிக் கொடுக்கப்பட்டது. இருவருக்கும் பாக்கி இல்லை.’

கீழே கையெழுத்து இருந்தது. கயிறண்ணன் சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டு, முதலாளியிடமே நீட்டினார்.

“தேதியக் காணோம் முதலாளி. இதுவும் வேணும்னே விட்டதா?”