பாட்டில் சுவர்

"குமட்டுதுடா. இந்த ரூம்ல நான் படுக்க மாட்டேன்."

அக்கா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். பிரசவம் முடிந்து குழந்தையோடு தங்க ஒதுக்கியிருந்தது அந்த அறை மட்டும்தான். அதன் மண்கல் சுவர் போன மழையில் கரைந்து விழுந்துவிட, தம்பி புதுமாதிரிச் சுவர் எழுப்பியிருந்தான்.

"மாசமா இருந்தா எல்லாமே நாறும்க்கா" என்றான்.

காலி பாட்டில்களில் பிளாஸ்டிக் உறைகளைக் குச்சியால் குத்திக் குத்தி அடைத்து, கல்லுக்குப் பதில் அடுக்கி, மேலே மண் பூசிய சுவர். பாட்டில் முந்நூற்றைம்பது கிராம் இல்லையென்றால் கொத்தனார் வாங்க மாட்டார். லேசான பாட்டில் அமுங்கிவிடும், சுவர் வயிறு தள்ளும். முதல் வாரம் தம்பி அடைத்துக் கொடுத்ததில் பாதிக்கு மேல் திருப்பி வீசினார். அடுத்த வாரம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா சுவரோரமாக மோந்துகொண்டே நடந்தாள். ஓரிடத்தில் பூச்சு பழுப்பாகக் கசிந்திருந்தது.

"அண்ணே, இங்க கொத்துங்க."

கூட நின்ற கொத்தனார் உளி வைத்தார். பூச்சு உதிர்ந்தது. உள்ளே உப்பிப்போன பாட்டில். உளி நுனி பட்டதும் புஸ்ஸென்று சீறி, கறுப்புக் குழம்பு அவர் சட்டையெல்லாம் தெறித்தது. அழுகிய சோறு, மீன் முள், நெளியும் வெள்ளைப் புழுக்கள்.

"அட கண்றாவியே! சாக்கடை ஓரமெல்லாம் சுவர் வெச்சிருக்கேன். இந்த நாத்தம் கண்டதில்ல!"

தம்பி ஒப்புக்கொண்டான். "வெயிட் பத்தலண்ணே. ஆபீஸ் கேன்டீன் எச்சி பக்கெட்லேர்ந்து ரெண்டு ரெண்டு கரண்டி... மூடி இறுக்கமாத்தானே போட்டேன்?"

"எத்தனை பாட்டில்ல?"

"அடி மூணு வரிசை மட்டும் சுத்தம்ண்ணே."

அக்கா சுவரை நிமிர்ந்து பார்த்தாள். அது கூரைவரை போயிருந்தது.

"இந்தக் கருமத்துப் பக்கத்துலயாடா என் புள்ளைய கிடத்தச் சொன்னே?"

பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு தம்பியின் அறைக்கு நடந்தாள். "இனிமே இது என் ரூம். அதையெல்லாம் பிடுங்கிக் கழுவிக் காயவெச்சு அடைக்கிற வரைக்கும் நீ அங்கயே படு."

கொத்தனார் சட்டையைக் கழற்றி எறிந்தார். "இனிமே தராசை நம்ப மாட்டேன் தம்பி. ஒவ்வொரு பாட்டிலா மூடி திறந்து மோந்து பார்த்துத்தான் வாங்குவேன். மோந்து பார்க்கிறது நீங்க."

தம்பி சுவரிலிருந்து பிடுங்கிய முதல் பாட்டிலின் மூடியைத் திருகினான். அடுத்த நொடி, வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"உனக்கு எத்தனை மாசம்டா?"