சமையலுக்கு இருந்தவங்க

கண்ணாடிப் பெட்டியின் மேலிருந்த என் கையை அவருடைய அண்ணன் சிவபெருமாள் இரண்டு விரலால் எடுத்து அப்பால் விடுகிறார், சாப்பாட்டுத் தட்டில் விழுந்த பூச்சியை எடுத்துப் போடுவதுபோல, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, சொந்தக்காரங்க பார்க்கணும் என்கிறார், பெட்டிக்குள் பொன்னுலிங்கம் மூக்கில் பஞ்சோடு படுத்திருக்கிறார், நேற்றுக் காலை இதே அறையில் உப்புமாவில் உப்பு எங்கே என்று கேட்டுச் சிரித்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் மடியில் சாய்ந்தவர், நான் தள்ளி உட்கார்கிறேன், தள்ளி உட்கார்ந்த இடமும் என் வீடுதான்.

தாலி வேண்டாம் என்றது நான், ஒரு தாலியைக் கட்டிக்கொண்டு அதோடு அடியும் உதையும் வாங்கி, கழற்றி வைத்துவிட்டு வந்தவள், இன்னொரு கயிறு என் கழுத்தில் ஏறாது என்றேன், சரி, கழுத்து சும்மா இருக்கட்டும், நீ வா என்றார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷனுக்குப் பேச்சு எவ்வளவு லேசாக வந்தது, வந்தேன், வந்த நாளிலிருந்து தூத்துக்குடி எனக்குப் பெயர் வைத்துக்கொண்டே இருந்தது, தொடுப்பு என்றது மாடிவீடு, சேர்த்துக்கிட்டவ என்றாள் அவர் அண்ணி, வச்சிருக்கான் என்றார்கள் டீக்கடையில், ஏதோ என்னைப் பரணில் வைத்திருப்பதுபோல, படித்தவர்கள் லிவிங் டுகெதர் என்று குரலைத் தாழ்த்தினார்கள், தாழ்த்திய குரலில்தான் அழுக்கு இருந்தது, அவரை யாரும் எதுவும் சொல்லவில்லை, அவருக்கு அவர் பெயரே போதுமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாளை மீன் ஆய்ந்துகொண்டே எங்களுக்கு நாங்களே ஒரு வார்த்தை தேடினோம், துணை என்றார், அது லாரி நெற்றியில் எழுதுவது என்றேன், ஜோடி என்றார், செருப்புக்குச் சொல்வது என்றேன், செதில் ஒட்டிய கையால் என் மூக்கைத் தொட்டு, பேரே வேண்டாம்ட்டி, பேரு வச்சாத்தானே ஆளாளுக்குக் கூப்பிடுவாங்க என்றார், அன்றைக்குச் சிரித்தேன், இன்று பெட்டியைத் தட்டி எழுப்பிக் கேட்க வேண்டும்போல இருக்கிறது, என்னை வெறுங்கையோடு இவர்களிடம் விட்டுவிட்டு எங்கே போகிறீர் நீர்.

ஊதுபத்திப் புகை கண்ணில் அடிக்கிறது, துறைமுகத்து ஆட்கள் மாலையோடு வந்திருக்கிறார்கள், ஒருவர், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் போல, என்னைக் காட்டி சிவபெருமாளிடம் ஏதோ கேட்கிறார், சமையலுக்கு இருந்தவங்க, நல்ல மாதிரி என்கிறார் அண்ணன், அந்த நல்ல மாதிரிதான் என் அழுகையை நிறுத்துகிறது, ஊர் வைத்த அத்தனை பெயரிலும் பொன்னுலிங்கம் என் பக்கத்தில் இருந்தார், இந்த ஒன்றில்தான் அவர் இல்லை.

தூக்குகிறார்கள், தெருமுனையில் பெண்கள் நின்றுவிடுகிறார்கள், நான் நிற்கவில்லை, அங்கே நிற்கிற சவ வண்டியில் ஏறி அவர் தலைமாட்டில் உட்கார்கிறேன், பொம்பளைங்க வர வழக்கமில்லை, இறங்குங்க என்று சிவபெருமாள் பல்லைக் கடிக்கிறார், படுத்திருக்கிறவர் சட்டையை நான்தானே துவைத்தேன் நேற்று, மடியில் சாய்ந்தபோது அவர் வாயை நான்தானே துடைத்தேன், நகரவில்லை, டிரைவர் திரும்பிப் பார்க்கிறார், தலை நரைத்தவர், கெட்ட எண்ணம் இல்லாமல்தான் கேட்கிறார், அவருக்கு நீங்க என்ன வேணும்மா.

எனக்கு அவரு வேணும், வண்டியை எடுங்க என்கிறேன்.