இரண்டு இடத்தில் ஒற்று

அந்த அச்சகத்தில் பிழை திருத்துகிறவளின் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ஒற்றக்கா. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் வர வேண்டிய க், ச், த், ப் விட்டுப்போனால் அவளுக்குச் சோறு இறங்காது. கழிப்பறைக் கதவில் ஒட்டிய எச்சரிக்கையைக்கூடச் சிவப்புப் பேனாவால் திருத்தியவள். ஒற்று என்றால் வேவு என்றும் ஒரு பொருள் உண்டே என்று பக்கம் வடிவமைப்பவன் சீண்டுவான். அவளும் சிரித்து வைப்பாள்.

பைண்டர் அவளுக்குக் கூடப் பிறக்காத தம்பி. மூன்று மாதத்துக்கு முன் காகிதம் வெட்டும் இயந்திரம் அவன் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. கை உள்ளே போனால் கத்தியை நிறுத்துவதற்கு அதில் ஒரு காவல் கண் உண்டு. அதனால் இயந்திரம் அடிக்கடி நின்று வேலை கெடுகிறது, கழற்றிவிடவும் என்று முதலாளி கைப்பட எழுதிய சீட்டு, திருத்த வேண்டிய தாள்களோடு கலந்து விபத்துக்கு முந்தின நாள் அவள் மேஜைக்கு வந்திருந்தது. விபத்தன்று அவள் அதைப் படம் எடுத்தாள். மறுநாள் சீட்டைக் காணோம்.

மருத்துவமனையில் பைண்டரின் ஃபோன் திறக்கவில்லை. திறக்கிற விரல்தான் போய்விட்டதே. அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய இடது கட்டைவிரலைப் பதிந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு வராந்தாவில் போய் அழுதாள்.

அச்சக ஆட்கள் ஒன்பது பேர் ஒரு செயலியில் ரகசியக் குழு வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு பறவைப் பெயர். எந்தப் பறவை யார் என்று யாருக்கும் தெரியாது. பேசும்போது குரலை மாற்றும் வசதியும் இருந்ததால் எல்லோரும் சளி பிடித்த வாத்துகளைப் போல முதலாளியைத் திட்டிக்கொண்டார்கள். அனுப்புகிறவரையும் பெறுகிறவரையும் தவிர நடுவில் ஈ எறும்பு நுழைய முடியாது என்று வடிவமைப்பவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். அவன் சொன்னது உண்மைதான். பெறுகிறவரைப் பற்றித்தான் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

மைனா என்ற பெயரில் அவள் சீட்டின் படத்தைக் குழுவில் போட்டாள். யாரோ அதைத் தொழிற்சாலை ஆய்வாளரிடம் கொண்டுபோனார்கள். அது போலி என்று முதலாளி ஒரே போடாகப் போட்டார். அசல் சீட்டைக் கண்ணால் பார்த்தவர் வந்து சொன்னால் பைண்டருக்கு நியாயம் கிடைக்கும், இல்லாவிட்டால் தவறு அவனுடையதாகிவிடும் என்றார் ஆய்வாளர். பார்த்தவள் அவள்தான். வீட்டில் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். பிழை திருத்த ஆள் வைத்திருக்கும் அச்சகம் அந்த ஊரில் இது ஒன்றுதான். அடுத்த வாரம் போகலாம், அதற்கடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் புறா என்ற பெயரிலிருந்து ஒரு மனு வந்தது. ஆய்வாளருக்குக் கொடுக்கப் போகிறோம், எல்லோரும் பாருங்கள் என்ற குறிப்போடு. காவல் கண்ணை கழற்ற சொன்னது நிர்வாகமே என்று அதில் ஒரு வரி. குழுவில் இதுவரை எத்தனையோ கொடூரங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள். இது அரசாங்க அலுவலகத்துக்குப் போகிற தாள். இப்படியா போவது? கை கழுவப் போன இடத்தில் நின்றபடியே தட்டினாள்: 'கண்ணைக் கழற்றச் சொன்னது. இரண்டு இடத்தில் ஒற்று வேண்டும்.' அனுப்பியபோது மனசு நிறைந்துகூட இருந்தது. பாவி, ஒற்று என்று தட்டியபோதுகூட உறைக்கவில்லை.

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார். சின்ன வயசு, மெதுவான பேச்சு. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஃபோனில் அவளுடைய வரியைக் காட்டினார். மற்றவர்கள் எல்லோரும் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். திருத்தியவள் அவள் ஒருத்திதான்.

"ஒற்றை நான் வேணும்னுதான் விட்டேம்மா," என்றார். "அந்தச் செயலியை யாராலயும் உடைக்க முடியாதாம். நான் எதுக்கு உடைக்கணும்? புறா நம்ம பைண்டர்தான். அவனே ஃபோனைத் திறந்து கையில குடுத்தான்."

இடது கட்டைவிரல் அவள் கண்முன் வந்தது. அவமானத்தில் காது சுட்டது. யாருக்காக இத்தனை நாள் தூக்கம் கெட்டாளோ அவனே தன்னைக் கழுத்தறுத்துவிட்டான் என்று நினைத்தாள். நினைத்ததும் ஏனோ கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

முதலாளி இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். ஒன்று அவளுடைய வேலை நீக்கம். மற்றது வாக்குமூலம்: சீட்டு போலி, காவல் கண்ணைப் பைண்டரே தன் வசதிக்குக் கழற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம், அவசரமில்லை என்றார்.

அவளும் அவசரப்படவில்லை. வாக்குமூலத்தை எடுத்து, தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே பெஞ்சில் பைண்டர் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, கட்டுப்போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"அக்கா, வாசல்ல காவலாளி வேலை தரேன்னு சொன்னார். கடிதம் வாங்க வரச் சொல்லியிருக்கார்." குரலைத் தாழ்த்தினான். "குழுவை ஒருதரம் பாக்கணும்னார், காட்டினேன். பேர்தான் யாருக்கும் தெரியாதே, யாருக்கு என்ன ஆகிடப்போகுது? நீங்க மட்டும் தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. இனிமே தினமும் உங்களுக்கு நான்தான் கதவைத் திறக்கணும்."

"உள்ள போப்பா," என்றாள் அவள். "உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

அவன் சட்டைக் காலரை ஒற்றைக் கையால் சரிசெய்துகொண்டு, வரேன்கா என்று சிரித்துவிட்டு உள்ளே போனான்.