நிறம் மாறாத தசை

இரண்டாவது தடவையும் மஞ்சள்தான். சுமைரா நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மாரிக்கண்ணனின் தசை கருக்கவே இல்லை.

விருதுநகர் ஆய்வகம் ஒன்றில் திசுக்களைப் பார்த்து நோயைச் சொல்கிற மருத்துவர் அவள். இந்தச் சோதனை அவளுக்கு ரொம்பப் பிடித்தது. தொடையிலிருந்து எடுத்த துளித் தசையை உறையவைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, குளுக்கோஸ்-1-பாஸ்பேட் கரைசலில் ஊறவிட வேண்டும். தசைக்குள் பாஸ்பாரிலேஸ் என்றொரு நொதி உண்டு. உடம்புக்குள் அதன் வேலை, கிளைகோஜன் என்று சேர்த்துவைத்த சர்க்கரையை உடைத்து ஓட்டத்துக்குத் தீனி கொடுப்பது. கண்ணாடித் தகட்டில் இந்தக் கரைசலைத் தாராளமாக விட்டால் அதே நொதி தலைகீழாக வேலை செய்யும். குளுக்கோஸைக் கோத்துக் கோத்துப் புது கிளைகோஜன் கட்டும். மேலே அயோடின் விட்டதும் தசையின் நாரெல்லாம் கருநீலமாகிவிடும்; நொதி இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்கும்.

மாரிக்கண்ணன் தசையில் நொதி இல்லையா? அல்லது கரைசல் கெட்டுப்போச்சா? முந்தின நாள் முழுக்க கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. குளிர்பெட்டியை நம்ப முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு தசையும் இல்லை. மற்றவர்களுடையதெல்லாம் அழுகாமலிருக்கப் பார்மலினில் போட்டு வந்தவை. பார்மலின் பட்டால் நொதி செத்துப்போகும்.

கதவருகே பானுப்பிரியா நின்றாள், மாரிக்கண்ணனின் மனைவி. பின்னால் அவன்.

"டாக்டரம்மா, நாளைக்குக் காலையில பட்டாசுக் கம்பெனி வேன் வந்துரும். இவுகளை அனுப்பவா, வேண்டாமா?"

"எந்த வேலைக்கு?"

"லோடு ஏத்துன அன்னைக்கு மூத்திரம் கடுங்காப்பி கணக்கா போச்சுங்க," என்றான் அவன். "போர்மேன் பால்பாண்டி அண்ணாச்சி இரக்கப்பட்டு மருந்து ரூமுக்கு மாத்திட்டாரு. உக்காந்த எடத்துல வெடிக்கு மருந்து செலுத்தணும், அம்புட்டுத்தான்."

"இவுக ஓட்டத்தைப் பாக்கணுமே! பஸ்ஸு பின்னாடி பத்தடி. அப்புறம் கால் இறுகிக் கல்லா நின்னுருவாக. கண்டக்டர் கையாட்டிட்டுப் போயிருவான்."

"ஏட்டி, அப்புறம் மெல்ல நடந்து உன்னைய முந்தலியா?"

சுமைராவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"மருந்து ரூம்ல பொறி விழுந்தா என்ன செய்வீக?"

"எதிரெதிரா வாசல் வச்சிருக்காகல்ல? ஓடிர வேண்டியதுதான்."

சொல்லி முடித்தபிறகுதான் அவனுக்கும் உறைத்தது. பானுப்பிரியா அவன் கால்களைப் பார்த்தாள்.

சுமைரா மறுபடி நுண்ணோக்கிக்குப் போனாள். கெட்ட கரைசலை நம்பிப் 'போகாதே' என்றால், சீசன் நேரத்தில் அவன் பிழைப்பு போகும். நொதி நிஜமாகவே இல்லாமலிருந்து 'போ' என்றால், பொறி விழுகிற நாளில் அவன் வாசலை எட்ட மாட்டான். இந்தச் சாயம் சீக்கிரம் வெளிறும்; பழைய இரண்டு தகடுகளில் இனி எதையும் தேட முடியாது. மீதமிருந்த தசையைச் சீவி மூன்றாவது தகடு செய்தாள். அயோடின் விட்டவுடனே, இந்தமுறை நார்களை விட்டுவிட்டு ஓரங்களைத் தேடினாள்.

ஒரு மூலையில் பொடி வளையல்போல ஒரு வட்டம் தெரிந்தது. தசைக்குள் ஓடும் சின்ன ரத்தக்குழாயின் வெட்டுமுகம். அதன் சுவர் கருநீலம். சுற்றிலும் இருந்த நார்களெல்லாம் வெளிறிய மஞ்சள்.

குழாய்ச் சுவரிலும் தசை உண்டு, ஆனால் அது வேறு வகை. தனக்கான பாஸ்பாரிலேஸை அது வேறொரு மரபணுவிலிருந்து செய்துகொள்கிறது. ஒரே தகடு, ஒரே கரைசல். சுவர் கருத்ததால் கரைசல் நல்லது. கருக்காத நார்களில்தான் நொதி இல்லை.

அவள் வெளியே வந்தாள்.

"மருந்து ரூமுக்குப் போகாதீக. உங்க தசையில சேத்துவச்ச தீனி இருக்கு, அதை உடைக்கிற நொதி இல்லை. உக்காந்திருந்து திடீர்னு எந்திரிச்சு ஓட உங்களால ஆகாது. இதை எழுதித் தாரேன், பால்பாண்டிகிட்ட குடுங்க. மருந்தே இல்லாத எடத்துல, அட்டைப்பெட்டி ஒட்டுற வேலை கேளுங்க. எந்த வேலையா இருந்தாலும் முதல் பத்து நிமிசம் மெதுவா செய்யுங்க. ரத்தத்துல வர்ற சர்க்கரையும் கொழுப்பும் தசைக்குக் கைகொடுக்க அவ்வளவு நேரமாகும். கால் இறுகுனா உடனே நில்லுங்க. மூத்திரம் கறுத்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."