தேடுபொறிக்கு மட்டும் தெரிந்த பக்கம்

வலைத்தளங்களுக்கு சைட்மேப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. சொன்னால் "அப்படின்னா?" என்று கேட்பார்கள், விளக்க ஆரம்பித்ததும் கொட்டாவி விடுவார்கள். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தளத்துக்கு இரண்டு வரைபடம் வேண்டும். ஒன்று வருகிறவர்களுக்கு. எது எங்கே இருக்கிறது என்று அவர்கள் பேசுகிற வார்த்தையிலேயே எழுதிவைத்த பக்கம். 'சேவைகள்' என்று போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், 'பிரேக் பிடிக்கவில்லையா?' என்று போட்டால் தொடுவார்கள். இன்னொன்று தேடுபொறிக்கு. மனிதர் கண்ணில் படாத ஒரு கோப்பு. தளத்தின் எல்லாப் பக்கங்களின் முகவரிகளும் அதில் இருக்கும். தேடுபொறி அவ்வப்போது வந்து அதைப் படித்துவிட்டுப் போய் ஊருக்கெல்லாம் சொல்லும்.

நான் இருப்பது மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. நாற்காலி இரண்டு. ஒன்றில் நான், மற்றதில் பிரிண்டர். அந்த இரண்டாவது நாற்காலியில் கடைசியாக உட்கார்ந்த மனிதன் என் தம்பி. நான்கு வருடம் ஆகிறது.

அவன் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கடைக்குத் தளம் போட்டுக் கொடுத்தது நான்தான். புதிதாக எந்தப் பக்கம் சேர்த்தாலும் அது தானாகவே தேடுபொறியின் கோப்பில் ஏறிவிடும்படி வைத்தேன். அவன் சரியான சோம்பேறி. கையால் ஏற்றச் சொன்னால் ஏழு ஜென்மத்துக்கும் ஏற்ற மாட்டான்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாரம் வெளியூர் போனார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். ஊற்றினேன். ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். சமையலறை அலமாரி கண்ணில் பட்டது. எனக்குக் கை சும்மா இருக்காது. எல்லா டப்பாக்களையும் இறக்கி, தினமும் எடுப்பதைக் கைக்கு எட்டுகிற தட்டிலும் எப்போதாவது எடுப்பதை மேலேயும் அடுக்கி, ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டினேன். நாற்பத்திரண்டு லேபிள். பார்த்து சந்தோஷப்படுவார்கள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

அந்தப் பெண் அழுதிருக்கிறாள். தம்பி இந்த நாற்காலியில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னான்: "இனிமே எங்க வீட்டுல எதையும் தொடாத அக்கா. எது எங்க இருக்குன்னு நாங்களே தேடிக்கிறோம்."

நல்லா தேடுங்க என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன. அதோடு பேச்சு நின்றது. சாவியை அவனும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

ஆனால் ஒன்று அறுபடாமல் இருந்தது. கடைத் தளத்தில் புதிதாக என்ன பக்கம் சேர்ந்தது என்று சொல்லும் வாராந்தர ரிப்போர்ட் என் மின்னஞ்சலுக்குத்தான் வரும். அதை மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. திங்கட்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து அதைத் திறப்பேன். 'மழைக்கால நேரம்' என்று ஒரு பக்கம் வந்தால், சரி, சீக்கிரம் வீட்டுக்குப் போகிறான். ஆறு மாதம் முன்பு 'செவ்வாய் மதியம் கடை இல்லை' என்று வந்தது. உடம்புக்கு ஏதாவதோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் வாரத்தில் வேறு யாரைப் பற்றியும் கவலைப்பட எனக்கு வாய்ப்பில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை ஒரே ஒரு புதிய பக்கம். திறந்தால் ஒரு குழந்தையின் படம். பிறந்து பதினொரு நாள். என் தம்பியின் அதே விடைத்த காது. கீழே வீட்டு முகவரி, போன் நம்பர். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எல்லோரும் பாப்பாவைப் பார்க்க வாருங்கள். அதற்கு முன்னால் வருகிறவர்கள் போன் செய்துவிட்டு வாருங்கள், பகலில் அம்மாவும் பாப்பாவும் மட்டும்தான் இருப்போம்.

பதினொரு நாளாக நான் அத்தை. அதை எனக்கு ஒரு ரிப்போர்ட் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அழுதேன், காபி ஆறிப்போனது.

அழுது முடித்ததும் தொழில் புத்தி விழித்தது. கடைத் தளத்தில் எங்கிருந்தும் அந்தப் பக்கத்துக்கு வழி இல்லை. சொந்தக்காரர்களுக்கு மட்டும் பக்கத்தின் முகவரியை அனுப்பியிருப்பார்கள். வேறு யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் வைத்த கோப்பு அதைத் தேடுபொறிக்குத் தூக்கிக் கொடுத்திருந்தது. இன்றோ நாளையோ, கடைப் பெயரைத் தேடுகிற எவனுக்கும் குழந்தையின் முகம், வீடு, பகலில் அவர்கள் தனியாக இருக்கிற சேதி எல்லாம் கிடைக்கும்.

சரிசெய்ய எனக்கு இரண்டு நிமிடம் போதும். என் கடவுச்சொல் இன்னும் வேலை செய்தது. கை மவுஸுக்குப் போய்விட்டது. அப்போதுதான் 'தொடாத' என்று அவன் சொன்னது காதில் கேட்டது. இதுவும் அவர்கள் இல்லாத நேரத்தில் அவர்கள் அலமாரியில் கை வைப்பதுதானே? சொன்னாலோ, நான்கு வருடமாக நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றுவார்கள். திங்கட்கிழமையும் போய்விடும்.

தம்பிக்குச் செய்தி எழுதினேன். நான்கு முறை அழித்து எழுதினேன்.

"பாப்பா பக்கம் தேடுபொறி கோப்புல தானா ஏறிடுச்சு. அப்படி வச்சது நான்தான், தப்பு என்னோடது. இன்னிக்கே அங்கேருந்து எடுத்துட்டு, பக்கத்துக்குப் பூட்டு போடுங்க. எப்படின்னு கீழ எழுதியிருக்கேன். ரிப்போர்ட் எனக்கு வருது, அதான் தெரிஞ்சுது. என் பேரையும் எடுத்துடுங்க. நான் எதையும் தொடல."

படித்துவிட்டான் என்று திரை காட்டியது. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினேன். ஒரு மணி நேரம் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து போன்.

"நான்தான்," என்றாள் தம்பியின் மனைவி. பின்னால் குழந்தை சிணுங்கியது. அவர் கடையில் இருக்கிறார், செய்தியை எனக்கு அனுப்பினார், நீங்கள் எழுதியபடி செய்து பார்த்தேன், ஒரு கையில் பாப்பா, எனக்கு வரவில்லை என்றாள்.

"நீங்களே பூட்டிடுங்க அண்ணி."

"தொடலாமா?"

"தொடுங்க."

இரண்டு நிமிட வேலைக்குப் பத்து நிமிடம் ஆனது; ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்த்தேன். எல்லாப் பக்கத்தையும் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தே பிழைத்தவள், முதல் முறையாக ஒன்றை மறைத்தேன். பூட்டுக்கான சொல்லை அவள் சொன்னாள், நான் அடித்தேன். முடிந்தது என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நாலு மணி. அதுலயே போட்டிருக்கு, பாத்திருப்பீங்க."

"பாத்தேன்."

"எங்க வீட்டுச் சாவி உங்ககிட்டதான இருக்கு?"

இருக்கிறது, கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"கொண்டு வாங்க. ஆனா அதப் போட்டுத் திறக்காதீங்க. மணி அடிங்க, அண்ணி. நான் வந்து திறக்கிறேன்."