நூற்றுப் பத்து

அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் பெரியவர் தன் காலாலேயே நடந்து வந்தார். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, இடது பக்கமாக விழுந்தவர். வயது எழுபத்தெட்டு. பின்னாலேயே மனைவி, மாத்திரைப் பையை அணைத்தபடி, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வந்தாள்.

நர்ஸ் அக்கா பிரஷர் பார்த்தாள். நூற்றுப் பத்து. நாடி எழுபது. இருபது வருட சர்வீஸில் பார்க்காத ஸ்டூலா? வெளியே காத்திருக்கலாம் என்று எழுதப் பேனாவை எடுத்தாள்.

பெரியவருக்கு முகமெல்லாம் பல். “பார்த்தியா? உப்பு போட்டுச் சாப்பிட்டும் எப்படி இறங்கியிருக்கு! பதினஞ்சு வருஷமா என் உயிரை எடுத்தியே!”

பேனா நின்றது. “காலையில எவ்வளவும்மா இருந்துச்சு?”

“நூத்தி அறுபத்தஞ்சு. தினமும் நான்தானே பார்க்கிறேன்.”

அக்கா பையை வாங்கி மேசையில் கவிழ்த்தாள். அட்டைகளுக்கு நடுவே, நெஞ்சுத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும் மாத்திரையும் இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே எங்கேயோ ரத்தம் போகிறது. நாடி வேகமாக ஓடிக் காட்டிக் கொடுத்திருக்கும். மாத்திரை அதைக் கட்டிப் போட்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் மனிதர் நாற்காலியிலேயே சாய்ந்துவிடுவார்.

“டாக்டர், பெரிய விபத்துக்குக் கூப்பிடுற மாதிரி எல்லாரையும் கூப்பிடுங்க.”

இளம் டாக்டர் சிரித்தார். “ஸ்டூல்ல இருந்து விழுந்ததுக்கா? பிரஷர் நார்மல்தானேக்கா?”

“உங்களுக்கு நார்மல். இவருக்கு அம்பத்தஞ்சு குறைஞ்சிருக்கு. நான் சொல்றது தப்பா இருந்தா நாளைக்கு நிக்க வெச்சுத் திட்டுங்க, வாங்கிக்கிறேன்.”

டாக்டர் நல்ல பிள்ளை. மறுபேச்சுப் பேசாமல் மணியை அழுத்தினார்.

ஸ்கேனில் எல்லாம் வெளிச்சமானது. மூன்று விலா எலும்புகள் உடைந்து, மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. பெரியவருக்குப் பேச்சு குழறத் தொடங்கியபோது ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருந்தது. அக்காவே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

நான்காம் நாள் அவள் வார்டுக்குப் போய், தன் கையாலேயே பிரஷர் பார்த்தாள். “நூத்தி அம்பத்தெட்டு.”

பெரியவர் பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார். “சத்தியமா நான் உப்பைத் தொடலைடீ!”

பதினைந்து வருடம் அந்த எண்ணோடு மல்லுக்கட்டியவள், அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“இருந்துட்டுப் போகட்டும் விடுங்க,” என்றாள்.